ஓயாமல் அடித்த அழைப்பு மணி: ஹெர்-2 என்ற புரதத்தின் வரலாறு

1994 டிசம்பர் மாதம். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே இருக்கும் ஜெனன்டெக் என்ற மருந்துக் கம்பெனியின் வளாகத்துக்குள் பதினைந்து கார்கள் வரிசையாக நுழைந்தன. இறுதி ஊர்வலம் போல நடத்தப்பட்ட போராட்டம் அது. மார்பகப் புற்றுநோய் நோயாளிகளுக்காகப் போராடும் அமைப்பினர் அதில் வந்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த அட்டைகளில் ஒரு பெண்ணின் படம். அந்தப் பெண் ஒரு மகப்பேறு மருத்துவர். முந்தைய மாதம்தான் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தார்.

அவருடைய கட்டிக்குப் பொருத்தமான ஒரு மருந்து அந்த வளாகத்தின் கட்டிடங்களுக்குள் இருந்தது. அவரும் கேட்டார். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் தர முடியும் என்றது கம்பெனி. காத்திருந்த நாட்களிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்த மருந்தின் பெயர் ஹெர்செப்டின். மருத்துவப் பெயர் ட்ராஸ்டுசுமாப். இன்று உலகம் முழுவதும் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் முக்கியமான மருந்துகளில் ஒன்று. அது தாக்கும் இலக்கின் முதல் தடயம் 1982-லேயே கிடைத்துவிட்டது. மருந்து கடைக்கு வந்ததோ 1998-ல். நடுவில் பதினாறு வருடங்கள்! இவ்வளவு காலம் எங்கே போனது? விஞ்ஞானம் எவ்வளவு எடுத்துக்கொண்டது, மனிதர்களின் தயக்கம் எவ்வளவு எடுத்துக்கொண்டது? இந்தக் கேள்விக்கு விடை தேட, இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கட்டிக்கும் காது உண்டு

புற்றுநோய்க் கட்டி என்பது யார் பேச்சையும் கேட்காமல் தன்னிஷ்டத்துக்கு வளரும் சதை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அது உடலின் மற்ற பாகங்களிலிருந்து வரும் செய்திகளைக் கேட்டு வளர்கிறது என்பதற்கு முதல் ஆதாரம் ஸ்காட்லாந்தில் கிடைத்தது.

கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன். கறவைப் பசுவின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் தொடரும் என்று கால்நடை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் சினைப்பைக்கும் மார்பகத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று பீட்சன் யோசித்தார். முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணின் சினைப்பைகளை அறுவை செய்து எடுத்தார். சில மாதங்களில் கட்டி கரைந்தது. 1896-ல் இதை லான்செட் இதழில் எழுதினார். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்குப் பெயர்கூடக் கிடையாது!

ஏன் சிலருக்கு மட்டும் கட்டி கரைகிறது, மற்றவர்களுக்கு ஏன் கரைவதில்லை என்று பீட்சனால் சொல்ல முடியவில்லை. அறுபது வருடங்களுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் அதற்கு விடை சொன்னார். கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை உடலுக்குள் செலுத்தி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். சில செல்களில் மட்டும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருந்தது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. மார்பகக் கட்டிகளிலும் இந்த ஏற்பி உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு வகை இருப்பது தெரிந்தது. ஏற்பி உள்ள கட்டி ஹார்மோனின் செய்தியைக் கேட்கும். ஏற்பி இல்லாத கட்டிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் 1962-ல் கர்ப்பத் தடை ஆராய்ச்சிக்காகத் தயாரிக்கப்பட்ட ஒரு வேதிப்பொருள், கர்ப்பத் தடைக்கு உதவவில்லை. ஆனால் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைத்துக்கொண்டது. தமாக்சிஃபென் என்ற பெயரில் 1977-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. கட்டியின் காதை அடைத்தால் வளர்ச்சி நிற்கும் என்பதற்கு அது நேரடிச் சாட்சி.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனைக் கேட்காத கட்டிகள் யார் பேச்சைக் கேட்டு வளர்கின்றன?

மணியும் கம்பியும்

செல் எப்படிச் செய்தி வாங்குகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வீட்டு வாசலில் ஓர் அழைப்பு மணி இருக்கிறது. வெளியே நிற்பவர் பொத்தானை அழுத்துகிறார். சுவருக்குள் ஓடும் கம்பி வழியாக மின்சாரம் போகிறது. உள்ளே மணி அடிக்கிறது, வீட்டில் இருப்பவர் எழுந்து வருகிறார். அழுத்தியவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. அவருடைய செய்தி மட்டும் நுழைந்தது.

செல்லும் இப்படித்தான். அதன் மேல்தோலில் ஏற்பிகள் உண்டு. ஏற்பியின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறுமுனை செல்லுக்குள் இருக்கும். வெளியே வளர்ச்சிக் காரணி என்ற சிறு புரதம் வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்முனைகள் ஒன்றன் மேல் ஒன்று பாஸ்பேட் என்ற வேதிக் குறியை ஒட்டும். அந்தக் குறியைப் பார்த்து அடுத்த புரதம் விழிக்கும், அது அடுத்ததை எழுப்பும். இப்படித் தொடராகப் போகும் செய்தி கடைசியில் செல்லின் உட்கருவை அடைந்து, "பிரிந்து பெருகு" என்று சொல்லும். இந்தத் தொடருக்குத்தான் சமிக்ஞைப் பாதை என்று பெயர்.

இதன் முதல் கண்ணியைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கோஹன். 1950-களில் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு வேலை செய்துகொண்டிருந்தார். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் போட்டபோது, அவை வழக்கமாகக் கண் திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கண் திறந்தன! தோல் செல்களை வேகமாக வளரச் செய்யும் ஏதோ ஒன்று அந்தச் சாற்றில் இருந்தது. அதைப் பிரித்தெடுத்து மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்தார். ஆங்கிலச் சுருக்கம் ஈ.ஜி.எஃப். இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலிக்குட்டியின் கண் இமையில் ஆரம்பித்த இந்த ஆராய்ச்சிக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஃப்ரீசரில் கிடந்த விடை

1980-களின் தொடக்கத்தில் புற்றுநோய் ஆராய்ச்சியின் மையமாக இருந்த இடங்களில் ஒன்று, பாஸ்டனுக்கு அருகே எம்.ஐ.டி.யில் இருந்த ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடம். சாதாரண செல்லைப் புற்றுநோய்ச் செல்லாக மாற்றும் மரபணுக்களை அங்கே ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் பம்பாயிலிருந்து போன லக்ஷ்மி சரண் பாதி என்ற இந்திய விஞ்ஞானியும் இருந்தார்.

எலிகளின் நரம்புக் கட்டியிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டிகளில் மட்டும் ஒரு குறிப்பிட்ட புரதம் இருப்பதைப் பாதியும் மற்றவர்களும் 1982-ல் வெளியிட்டார்கள். அதை உண்டாக்கும் மரபணுவுக்கு, நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியின் பெயரிலிருந்து, நியூ என்று பெயர் வைத்தார்கள்.

இதில் ஒரு விசேஷம் இருந்தது. அதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட ராஸ் போன்ற புற்றுநோய்ப் புரதங்கள் செல்லுக்குள்ளே ஒளிந்திருப்பவை. அங்கே மருந்து போய்ச் சேருவது கஷ்டம். நியூ புரதமோ செல்லின் மேல்தோலில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையெட்டும் தூரத்தில் இருக்கும் மணிப் பொத்தான் மாதிரி! போதாததற்கு, அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் அவர்களிடம் இருந்தது. அந்த ஆன்டிபாடியை வைத்துத்தான் புரதத்தையே அடையாளம் கண்டார்கள்.

ஆன்டிபாடியைச் செல்லின் மேல் ஊற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? அந்தச் சோதனையை அப்போது செய்யவில்லை. அவர்களின் கவனமெல்லாம் மரபணுவைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. மருந்து செய்வது வேறு யாரோ பார்க்க வேண்டிய வேலை. ஆன்டிபாடி ஃப்ரீசருக்குப் போனது.

1985-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜெஃப்ரி ட்ரெபினும் மார்க் கிரீனும் வைன்பெர்க்கோடு சேர்ந்து அந்தச் சோதனையைச் செய்தார்கள். நியூ மரபணுவால் புற்றுநோய்த் தன்மை அடைந்த செல்களில் ஆன்டிபாடியைச் சேர்த்தபோது, செல்லின் மேலிருந்த நியூ புரதம் குறைந்தது, செல்கள் மறுபடி சாதாரண செல் போல நடந்துகொண்டன. எலியின் செல்லில் கிடைத்த வெற்றி அது. மனிதருக்கு எந்தப் புற்றுநோயில் இது பயன்படும் என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டு எங்கே என்று தெரியாமல் சாவி மட்டும் கையில் இருந்தது.

பூட்டைக் கண்டுபிடித்தவர்கள்

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஜெனன்டெக் கம்பெனியில் ஆக்சல் உல்ரிச் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கோஹனின் வளர்ச்சிக் காரணி போய் ஒட்டும் ஏற்பியின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1985-ல் அவர் குழு அந்த ஏற்பியைப் போலவே இருக்கும் இன்னொரு மனித மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதற்கு ஹெர்-2 என்று பெயர். பார்த்தால், எலியில் வைன்பெர்க் குழு கண்டுபிடித்த நியூ மரபணுவின் மனித வடிவம்தான் அது! ஜப்பானில் ஒரு குழுவும் இதே மரபணுவைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் விஞ்ஞானிகள் ஒரு மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் அதே மரபணு பல நகல்களாகப் பெருகியிருப்பதையும் பார்த்திருந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன், நோயாளிகளின் கட்டி மாதிரிகளைச் சேகரித்துவந்தவர். உல்ரிச்சிடம் மரபணு இருந்தது, ஸ்லாமனிடம் கட்டிகள் இருந்தன. இரண்டையும் பொருத்திப் பார்க்க முடிவு செய்தார்கள். சான் அன்டோனியோ நகரின் வில்லியம் மக்குவயரும் மாதிரிகள் கொடுத்தார்.

1987 ஜனவரியில் சயின்ஸ் இதழில் முடிவு வந்தது. 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்ததில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு பெருகியிருந்தது. சாதாரண செல்லில் இரண்டு நகல்தான் இருக்க வேண்டும். சில கட்டிகளில் இருபதுக்கும் மேல்! இப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, அவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். (இன்றைய சோதனை முறைகளின்படி இந்த வகை 15 முதல் 20 சதவீதம்.)

மரபணு பெருகினால் என்ன ஆகும்? வாசலில் ஒரு மணிக்குப் பதிலாக நூறு மணி. ஒரு கட்டிச் செல்லின் மேல் இருபது லட்சம் ஹெர்-2 ஏற்பிகள் வரை இருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெர்-2 ஏற்பிக்கு என்று தனியாக எந்த வளர்ச்சிக் காரணியும் இல்லை. அது எப்போதும் ஜோடி சேரத் தயாராகவே நிற்கும். நெருக்கமாக நிற்கும்போது ஒன்றோடொன்றும், பக்கத்திலிருக்கும் ஹெர்-3 போன்ற உறவினரோடும் சேர்ந்துவிடும். யாரும் பொத்தானை அழுத்தாமலேயே மணி ஓயாமல் அடிக்கும். உள்ளே இரண்டு முக்கியக் கம்பிகளில் செய்தி ஓடும். ராஸ் வழியாகப் போகும் பாதை "பெருகு" என்கிறது. பி.ஐ.-3 கைனேஸ், ஏ.கே.டி. வழியாகப் போகும் பாதை "சாகாதே" என்கிறது. சாக வேண்டிய செல் சாகாமல் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்றுநோய்.

கம்பெனியின் கணக்கு

பூட்டும் தெரிந்துவிட்டது, சாவியும் இருக்கிறது. இனி மருந்து செய்ய வேண்டியதுதானே? இங்கேதான் வரலாறு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, முதலீட்டு அறைக்குள் போகிறது.

ஜெனன்டெக் 1976-ல் தொடங்கப்பட்ட கம்பெனி. மரபணுப் பொறியியல் மூலம் இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன், மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து என்று வரிசையாகக் கொண்டுவந்தது. புற்றுநோய் என்றால் மட்டும் தயக்கம். 1980-களில் இன்டர்ஃபெரான் புற்றுநோயை வென்றுவிடும் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பலன் அந்த அளவுக்கு வரவில்லை. கணக்கும் சாதகமாக இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் இந்த மருந்து பயன்படும். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு சோதனை வேறு உருவாக்க வேண்டும். சந்தை சிறியது, செலவு பெரியது. வணிகவியல் படிக்கும் எந்த மாணவரிடம் கொடுத்தாலும் இந்தத் திட்டத்துக்கு ரிஸ்க் அதிகம் என்றுதான் எழுதுவார்.

உல்ரிச் கம்பெனியை விட்டுப் போனார். ஸ்லாமன் விடவில்லை. கம்பெனியில் வேலை பார்க்காதவர், ஆனாலும் ஜெனன்டெக்குக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். அவருடைய ஆராய்ச்சிக்கு முக்கியமான நிதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனியிடமிருந்து! ஸ்லாமனிடம் சிகிச்சை பெற்ற ஒரு தொலைக்காட்சி நிர்வாகியின் மனைவி, ரெவ்லான் முதலாளியிடம் பேசி வாங்கித் தந்த உதவி அது.

கம்பெனிக்குள்ளும் ஆதரவாளர்கள் சிலர் இருந்தார்கள். கையிலிருந்த ஆன்டிபாடி எலியிலிருந்து வந்தது. அதை மனித உடலில் செலுத்தினால் நோய் எதிர்ப்புச் சக்தி அதையே அந்நியன் என்று தாக்கிவிடும். பால் கார்ட்டர் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 1990-ஐ ஒட்டி, இலக்கைப் பிடிக்கும் நுனியை மட்டும் எலியிடமிருந்து வைத்துக்கொண்டு, மற்ற பாகத்தை மனித ஆன்டிபாடியாக மாற்றினார்கள். அதுதான் ட்ராஸ்டுசுமாப்.

1992-ல் யு.சி.எல்.ஏ.வில் பதினைந்து பெண்களிடம் மருந்து முதலில் சோதிக்கப்பட்டது. நோய் பரவி, வேறு வழி இல்லாதவர்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் கட்டி இருந்தது. அறைக்குள் இருந்த எல்லோராலும் தொட்டுப் பார்க்க முடிந்த கட்டி. சிகிச்சை தொடரத் தொடர அது இளகி, சுருங்கியது. எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. சிலர் பாதியில் இறந்தார்கள். ஆனால் மருந்து வேலை செய்கிறது என்ற செய்தி நோயாளிகளிடையே பரவியது.

குலுக்கல்

செய்தி பரவியதும் எல்லோரும் மருந்து கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. அதன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தயாரித்த மருந்தின் அளவு குறைவு. கேட்பவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியில் யாரும் சேர மாட்டார்கள். ஆராய்ச்சி முடியாவிட்டால் அனுமதி கிடைக்காது, யாருக்குமே மருந்து கிடைக்காது. இந்தப் பக்கம், இன்னும் சில மாதங்களே உயிரோடு இருக்கப்போகும் பெண்களுக்கு "ஆராய்ச்சி முடியட்டும்" என்ற பதிலுக்கு என்ன அர்த்தம்?

இந்த மோதலின் உச்சம்தான் முதலில் சொன்ன கார் ஊர்வலம். அதற்குப் பிறகு கம்பெனி இறங்கிவந்தது. தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டணி என்ற அமைப்பு பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தது. 1995-ல், ஆராய்ச்சிக்கு வெளியே உள்ள சிலருக்கும் குலுக்கல் முறையில் மருந்து கொடுக்க ஏற்பாடானது. ஆமாம், லாட்டரிதான்! உயிர் காக்கும் மருந்தைக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பது கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் போதாத ஒன்றை, பணமும் செல்வாக்கும் பார்க்காமல் பங்கிட அவர்களுக்குக் கிடைத்த வழி அதுதான். அந்த அமைப்பே பெரிய ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கவும் உதவியது. எதிரெதிராக நின்றவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

ஆராய்ச்சியின் அமைப்பிலும் ஒரு பாடம் இருக்கிறது. நூறு பேருக்கு மருந்து கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 25 பேருக்குத்தான் ஹெர்-2 பெருகியிருக்கும். அந்த 25-ல் பாதிப்பேருக்குக் குணம் தெரிந்தாலும், மொத்தக் கணக்கில் 12 அல்லது 13 சதவீதம்தான் வரும். "சுமாரான மருந்து" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். முதலில் கட்டியைச் சோதித்து, ஹெர்-2 உள்ளவர்களை மட்டும் சேர்த்ததால்தான் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

469 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப்பேருக்குக் கீமோதெரபி மட்டும், மீதிப்பேருக்கு ட்ராஸ்டுசுமாப்பும் சேர்த்து. முடிவுகள் இப்படி:

நோய் மறுபடி முற்றும் வரையான காலம்: கீமோ மட்டும் 4.6 மாதம், மருந்தோடு 7.4 மாதம்.
கட்டி சுருங்கியவர்கள்: கீமோ மட்டும் 32 சதவீதம், மருந்தோடு 50 சதவீதம்.
உயிரோடு இருந்த காலம்: கீமோ மட்டும் 20.3 மாதம், மருந்தோடு 25.1 மாதம்.

இவை நடுமதிப்புகள், அதாவது பாதிப்பேர் இதற்கு மேலும் பாதிப்பேர் இதற்குக் கீழும் இருந்தார்கள். ஐந்து மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். நோய் உடல் முழுக்கப் பரவிய பெண்களில் கிடைத்த பலன் இது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. ஒரு வகைக் கீமோ மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது. காரணம், இதயத் தசையும் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள இதே ஹெர்-2 சமிக்ஞையைத்தான் பயன்படுத்துகிறது. கட்டியின் மணியை நிறுத்தப் போன மருந்து இதயத்தின் மணியையும் சேர்த்து நிறுத்தியது. அதனால்தான் இன்றும் இந்தச் சிகிச்சை நடக்கும்போது சில மாதங்களுக்கு ஒருமுறை எக்கோ எடுக்கிறார்கள்.

1998 செப்டம்பர் 25 அன்று அமெரிக்க அரசு ஹெர்செப்டினுக்கு அனுமதி கொடுத்தது. கட்டியில் ஹெர்-2 இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் கூடவே அனுமதி கிடைத்தது.

உண்மையான வெற்றி 2005-ல் வந்தது. நோய் பரவும் முன்பே, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் இரண்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், 3,351 பெண்களிடையே நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகவும், இறப்பு மூன்றில் ஒரு பங்கும் குறைந்தது. பல நாடுகளில் நடந்த ஹெரா என்ற ஆராய்ச்சியும் இதையே சொன்னது. ஒருகாலத்தில் மிக மோசமானது என்று சொல்லப்பட்ட வகை, நன்றாகச் சிகிச்சை செய்யக்கூடிய வகையாக மாறியது.

ஒரு மணியை நிறுத்தினால்...

ஆனால் புற்றுநோய் சும்மா இருப்பதில்லை. பொத்தானை அடைத்தால் சுவருக்குள் கம்பியை நேரடியாக இணைத்துக்கொள்ளும். சில கட்டிகளில் பி.ஐ.-3 கைனேஸ் புரதமே பழுதாகி, மேலிருந்து செய்தி வராமலேயே ஓடிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அந்தப் பாதைக்கு பிரேக் போடும் பி-டென் என்ற புரதம் காணாமல் போயிருக்கும். இதைப் புரிந்துகொண்டு அடுத்தடுத்த மருந்துகள் வந்தன. 2007-ல் அனுமதி பெற்ற லபாட்டினிப் செல்லுக்குள் போய் ஏற்பியின் உள்முனையை அடைக்கிறது. 2012-ல் வந்த பெர்டுசுமாப், ஹெர்-2 தன் ஜோடியோடு கைகோக்கும் இடத்தை மறிக்கிறது.

பிறகு வேறொரு யோசனை. மணியை நிறுத்துவதோடு, அதையே வீட்டு விலாசமாகப் பயன்படுத்தினால் என்ன? ஆன்டிபாடியின் முதுகில் கடுமையான கீமோ மருந்தை ஏற்றி அனுப்பினார்கள். 2013-ல் அப்படி ஒன்று வந்தது. 2019-ல் வந்த ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான், ஹெர்-2 கொஞ்சமாக இருக்கும் கட்டிகளிலும் வேலை செய்கிறது என்று 2022-ல் தெரிந்தது. அதுவரை "ஹெர்-2 இல்லை" என்று ஒதுக்கப்பட்டிருந்த ஏராளமான பெண்களுக்கு அது புதிய வழி.

ஊசியின் விலை

அமெரிக்காவில் குலுக்கல் முடிந்தது. மற்ற நாடுகளில் அந்தக் குலுக்கலை விலை நடத்தியது. 1990-லேயே ஜெனன்டெக்கின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியிருந்தது சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனி. இந்தியாவில் ஹெர்செப்டினை விற்றதும் அதுதான். 440 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை ஒரு லட்ச ரூபாய்க்கு மேல்.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஊசி கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதாவது 480. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 வீதம் 360 மில்லிகிராம், பதினேழு தடவை. மொத்தம் 6,600 மில்லிகிராம். சரியாக 15 குப்பி. பதினைந்து லட்ச ரூபாய்க்கு மேல்! வீட்டை விற்றாலும் எத்தனை குடும்பங்களால் முடியும்?

2012-ல் ரோஷ் வேறு பெயரில் விலை குறைத்து விற்றது. 2013-ல், காப்புரிமையை மீறி மற்றவர்களும் தயாரிக்க அரசே அனுமதிக்கும் கட்டாய உரிமம் பற்றி டெல்லியில் பேச்சு எழுந்தது. இங்கும் நோயாளிகளும் பெண்கள் அமைப்புகளும் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியக் காப்புரிமையைத் தொடர்வதில்லை என்று ரோஷ் முடிவு செய்தது. 2014-ன் தொடக்கத்தில் பெங்களூருவின் பயோகான், மைலான் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய மாற்று ட்ராஸ்டுசுமாப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குப்பி விலை 57,500 ரூபாய். மேலே போட்ட கணக்கின்படி 15 குப்பிக்கு 8,62,500. குறைவுதான், ஆனால் மலிவு என்று சொல்லிவிட முடியாது. ரோஷ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்தபோதே மற்ற இந்தியக் கம்பெனிகளும் களத்தில் இறங்கின.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் ட்ராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் அதே ஆண்டு சேர்ந்தது. 2017 டிசம்பரில், பயோகானும் மைலானும் தயாரித்த மருந்துக்கு அமெரிக்காவிலேயே அனுமதி கிடைத்தது. ஹெர்செப்டினுக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மாற்று மருந்து அதுதான்!

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. பிரிட்டனில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெர்செஃபனி ஆராய்ச்சி 2019-ல் வெளியானது. ஆறு மாத சிகிச்சை, பன்னிரண்டு மாத சிகிச்சையைவிடக் குறைந்ததல்ல என்றது அது. ஒரு வருடம் என்பதுதான் இன்றும் வழக்கமான அளவு. ஆனாலும் அதற்குப் பணம் இல்லை என்பதால் சிகிச்சையே வேண்டாம் என்று திரும்பிப் போக வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் ஆதாரம். ஆறு மாதத்துக்கு எட்டுக் குப்பி போதும்.

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். பதினாறு வருடங்கள் எங்கே போயின? எலிப் புரதத்தின் மனித வடிவத்தையும் அதன் நோயையும் கண்டுபிடிக்க ஐந்து வருடம். ஆன்டிபாடியை மனிதமயமாக்க ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. பரிசோதனைகளுக்கு ஆறு வருடம். இவை தவிர்க்க முடியாதவை. மிச்சமெல்லாம், சோதித்துப் பார்க்காமல் ஃப்ரீசரில் கிடந்த காலமும், லாபக் கணக்குப் பார்த்துத் தயங்கிய காலமும். இந்தியாவில் விலை இறங்க இன்னும் பதினைந்து வருடம் கூடுதலாக ஆனது. புதிய மருந்தான டெருக்ஸ்டிகானுக்கும் இதே நிலைமைதான் தொடங்கியிருக்கிறது. 2024 பட்ஜெட்டில் அதற்கான சுங்க வரியை நீக்கியும், சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத விலைதான்.

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பார்கள். அந்த ரிப்போர்ட்டின் அடியில் மூன்று வரிகள் இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள். மூன்றாவது, இந்தக் கட்டுரையில் சொன்ன மணி. எந்த மருந்து வேலை செய்யும் என்பதை இந்த மூன்று வரிகள்தான் தீர்மானிக்கின்றன. வீட்டிலோ தெரிந்தவர்களிலோ யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், அந்த மூன்றாவது வரி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த ஒரு வரி எழுதப்படுவதற்காகத்தான் 1994-ல் பதினைந்து கார்கள் அந்த வளாகத்துக்குள் போயின.